பீச்சாங்கைத் தையல்

என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து முதலியார்பேட்டை வீட்டுக்கு வந்ததும் அவள் கண் தேடியது என்னை அல்ல, பாதியில் கிடந்த மேஜை விரிப்பை.

இத்தாலிக்காரர்களின் அசிசி தையல் அது. துணியின் இழையை எண்ணி எண்ணிக் குத்த வேண்டும். விரிப்பில் இருக்கும் பறவைக்குச் சுற்றுக்கோடு மட்டும். உள்ளே வெறும் துணி. வெளியே இருக்கும் இடம் முழுக்க நீல நூலில் பெருக்கல் குறிகள். கன்னிமாடத்தில் கற்றுக்கொண்டவள். கடற்கரைப் பக்கம் கடை வைத்திருக்கும் மதாமுக்கு சனிக்கிழமை விரிப்பு போயாக வேண்டும்.

"இது போச்சுன்னா அப்புறம் யாரும் எங்கிட்ட துணி குடுக்க மாட்டாங்க. என் கை போச்சுங்க."

"அதுதான் ஏற்கெனவே போயிடுச்சே" என்றேன்.

என் ஜோக்குக்குச் சிரிக்காத ஆள் வீட்டில் அவள் ஒருத்திதான். வீட்டில் இருப்பதும் அவள் ஒருத்திதான்.

மீதியை நானே தைக்க உட்கார்ந்தேன். மில் மூடியபின் ஏடிஎம் வாசலில் காவல் இருப்பவன். உட்காருவதில் எனக்கு நல்ல அனுபவம்.

"மூணு இழைங்க! நாலு இல்ல, மூணு!" கட்டிலிலிருந்து கத்திக்கொண்டே இருந்தாள்.

முடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் பெருமையாகப் பிரித்துக் காட்டினேன். அவள் தைத்த பாதி ஒரு விதமாக மின்னியது, என் பாதி வேறு விதமாக. நடுவே வகிடு எடுத்த மாதிரி.

"மேல் நூலு எல்லாம் ஒரே பக்கம் சாயணும்னு சொன்னேனே."

"சாச்சிருக்கேனே."

"நீங்க பீச்சாங்கை. அதான் திருப்பிச் சாஞ்சிருக்கு." அவள் குரல் இறங்கிவிட்டது. அத்தனையும் பிரித்துத் தைக்க நாள் இல்லை.

மதாமுக்கு போன் போட்டேன். "பரவால்ல, அவங்கள ஒடம்ப பாத்துக்கச் சொல்லுங்க. துணிய குடுங்க, வேற ஆள் பாத்துக்கறேன்" என்றார் அன்பாக. அன்பாகச் சொன்னதுதான் தாங்கவில்லை. மனைவி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கைவசமிருந்த ஜோக்குகளை எல்லாம் இறக்கிப் பார்த்தேன். ஒரு திட்டுகூட வரவில்லை.

விரிப்பைப் பையில் வைத்து, செருப்பை மாட்டினேன்.

"இருங்க." சுவரைப் பார்த்தபடியே கூப்பிட்டாள். "அந்தக் கையில ஊசிய எப்படிப் புடிக்கிறீங்க? காட்டுங்க."

காட்டினேன். தன் இடது கையில் வாங்கினாள். விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். மறுபடி விழுந்தது.

"எங்க போச்சு?"

"தேடுறேன்."

"நல்லா தேடுங்க. எனக்கு வேணும்."

பை வாசலிலேயே கிடந்தது. நான் கட்டிலுக்கடியில் தவழ்ந்துகொண்டிருந்தேன்.