வழி தெரியாத வழிகாட்டி

மால்தோங் என்றால் எங்கள் பேச்சில் குதிரைச் சாணம். முன்னால் பிறந்த மூன்று பிள்ளைகளையும் அம்மை வாரிக்கொண்டு போய்விட்டதால் நாலாவதற்கு இந்தப் பெயரை வைத்தார்கள். எமதூதன் ஏட்டைப் புரட்டிப் பெயரைப் பார்த்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவானாம். போய்த்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் மால்தோங் நாற்பத்தாறு வயதுவரை ஒரு தும்மல்கூட இல்லாமல் வளர்ந்தான். அவன் மனைவி குட்சூன் ஐந்து பெண்களுக்குப் பிறகு பிறந்தவள். பெண் போதும் என்று சொல்லி வைத்த பெயர் அது. ஆனால் அவள் வாய்க்கு மட்டும் போதும் என்பதே கிடையாது.

எங்கள் ஊர் துமான் ஆற்றின் தலைமாட்டில் இருக்கிறது. இங்கே ஆற்றை ஆடு தாண்டும். இந்தக் கரை எங்கள் ராஜாவுடையது, அந்தக் கரை சிங் பேரரசருடையது. ஆண்டவன் செய்த வேலையைப் பாருங்கள், பொன் விலை போகும் ஜின்செங் மருந்துவேரை எல்லாம் அந்தக் கரையில் வைத்துவிட்டு வயிற்றை எல்லாம் இந்தக் கரையில் வைத்துவிட்டான். இந்தப் பக்கத்து வேர் மூன்று தலைமுறைக்கு முன்பே தோண்டித் தீர்ந்துபோனது. அந்தப் பக்கமோ பேரரசரின் முன்னோர் பிறந்த மலை என்று சொல்லி, மனிதன் காலே வைக்கக் கூடாது என்று காடாகப் போட்டிருந்தார்கள்.

ஆற்றைத் தாண்டினால் தலை போகும். அதைப் பேரரசர் வெட்ட வேண்டியதில்லை, எங்கள் ராஜாவே முந்திக்கொண்டு வெட்டி ஆற்றங்கரைக் கம்பத்தில் தொங்கவிட்டுவிடுவார். பெரிய வீட்டுக்காரனுக்குப் பக்கத்தில் குடியிருப்பவன், புகார் வருவதற்கு முன்பே தன் பிள்ளையைத் தானே அடித்துக்கொள்வான் அல்லவா, அதுபோல. ஆகவே ஊரே ஆற்றைத் தாண்டும். ஆனால் கேட்டுப் பார்த்தால் ஊரில் ஒருவன்கூடத் தாண்டியது கிடையாது.

அந்த வருஷம் பேரரசருக்கு வரைபடத்தின்மேல் ஆசை வந்தது. எங்கள் ஊருக்குப் பின்னால் நிற்கும் பெக்து மலையில் இரண்டு ஆறுகள் பிறக்கின்றன. மேற்கே போவது அம்னோக், கிழக்கே போவது துமான். இரண்டு நாட்டுக்கும் அவைதான் எல்லை என்பதில் இரண்டு அரண்மனைக்கும் சண்டை இல்லை. அவை எங்கே பிறக்கின்றன என்பதுதான் இரண்டு அரண்மனையிலும் ஒருவருக்கும் தெரியாது. பார்த்துக் கல் நட்டு வரச்சொல்லி சர்தாய் என்ற அதிகாரியை அங்கிருந்து அனுப்பினார்கள். அவரை எதிர்கொள்ள எங்கள் தலைநகர் ஹன்யாங்கிலிருந்து ஒரு மந்திரி பல்லக்கில் வந்து எங்கள் ஊர்க்களத்தில் இறங்கினார்.

"உச்சிக்கு வழி தெரிஞ்சவன் யாரு?" என்று கேட்டார் மந்திரி.

ஊர்த்தலைவர் தரையில் நெற்றி படக் கும்பிட்டார். "எங்களுக்கு எப்படிங்க எஜமான் தெரியும்? நாங்க அந்தப் பக்கம் தலவெச்சுக்கூடப் படுக்கறதில்லீங்களே."

"மலையடியிலயே பொறந்து வளந்திருக்கீங்க. ஒருத்தனுக்குமா தெரியாது?"

"அங்க ஒரு மலை இருக்கறதே நீங்க சொல்லித்தாங்க தெரியும்" என்றான் கூட்டத்தில் ஒருவன். அவன் முதுகுக்குப் பின்னால் பாதி வானத்தை மறைத்துக்கொண்டு மலை நின்றது.

மந்திரி மடையர் அல்ல. தலைவரிடமிருந்து ஆரம்பித்து ஆளுக்குப் பத்து அடி என்றார். பிரம்பைப் பார்த்ததுமே தலைவருக்கு ஞாபகம் திரும்பிவிட்டது.

"மால்தோங்குன்னு ஒருத்தன் இருக்காங்க. விறகு வெட்டப் போவான். எப்பவாச்சும் வழி தவறிப் போய் லேசாத் தெரிஞ்சிருக்கலாம்."

மந்திரியோடு வந்த துபாஷி பியோன் மால்தோங்கைத் தனியே அழைத்துப் போனார். சிங் மொழியும் தெரியும், ஆட்களையும் தெரியும் அவருக்கு.

"வழிய மட்டும் காட்டுப்பா. பழசெல்லாம் மன்னிச்சாச்சுன்னு காகிதம் வாங்கித் தரேன்."

"காகிதம் எப்பங்க?"

"எறங்கி வந்தப்புறம்."

"பழசுன்னா எதுங்க?"

"நீ அக்கரைக்குப் போனது."

"நான் எங்கங்க போனேன்?"

பியோன் சிரித்தார். "இப்படியே இரு. மேல ஏதாவது தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிட்டேன்னா என்னால காப்பாத்த முடியாது."

வீட்டில் குட்சூன் தினைமாவு மூட்டையைக் கட்டிக்கொண்டே ஓதினாள். "யோவ், நல்லாக் கேட்டுக்க. எந்த எடத்துலயும் 'இங்கதான்'னு சொல்லிறாத. 'இங்கயா இருக்குமோ'ன்னு சொல்லு. நீ வாயத் தொறக்கும்போதெல்லாம் உன் கழுத்த நெனச்சுக்க."

"வேர் கண்ணுல பட்டுட்டா?"

அவள் கை நின்றது. எங்கள் வேர்தோண்டிகளுக்கு ஒரு சட்டம் உண்டு. செடியைப் பார்த்தவன் "சிம்பத்தா!" என்று மூன்று முறை கத்த வேண்டும். வேரைக் கண்டேன் என்று பொருள். அதைக் கேட்ட மற்றவர்கள் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும், கண்டவன் கும்பிட்டு முடிக்கும்வரை அசையக் கூடாது. மறைத்தவனை மலைச்சாமியின் புலி வந்து கொண்டுபோகும். ராஜாவின் சட்டத்தை மீறாதவன் எங்கள் ஊரில் கிடையாது, இந்தச் சட்டத்தை மீறியவனும் கிடையாது.

"கண்ண மூடிக்கிட்டு நட" என்றாள் குட்சூன்.

காடு வெட்டி வழி செய்ய ஊரிலிருந்து பத்துப் பேரைக் கோடாலியோடு அனுப்பினார்கள். பத்தும் பால் மணம் மாறாத முகத்தோடு வந்து நின்றன. முதல் ஏற்றத்திலேயே மந்திரி பல்லக்கை நிறுத்தினார்.

"என் முழங்கால் ராஜாவோட சொத்து. அதக் கொண்டுபோய் மலையில விட்டுட்டு வர எனக்கு உத்தரவு இல்ல" என்று சொல்லிவிட்டு, கோழிச்சாறு கிடைக்கும் ஊராகப் பார்த்து இறங்கிப் போனார். இப்படியாக எங்கள் நாட்டின் எல்லை ஒரு துபாஷியையும் ஒரு குதிரைச் சாணத்தையும் நம்பி மலை ஏறியது.

சர்தாய் கொழுத்த மனிதர். உட்காரும் இடத்தில் ஒரு கட்டி வந்து, குதிரையிலும் உட்கார முடியாமல் நடக்கவும் முடியாமல் முனகிக்கொண்டே வந்தார். அவருக்குக் காட்டுத் தடம் பார்க்க உலின் என்றொரு ஆள். வேர் திருட வருகிறவர்களைப் பிடிப்பதுதான் உலினின் உத்தியோகம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் மால்தோங்கைப் பிடித்தும் விட்டான். பிடித்தவன் வேரில் பாதியை வாங்கிக்கொண்டு விட்டுவிட்டான். அன்றிலிருந்து ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் இரண்டு பேரும் ஒரே சட்டியில் தின்றவர்கள்.

இப்போது உலின் மால்தோங்கை மேலும் கீழும் பார்த்தான். "உன் பேரு என்னன்னு கேக்கறான்" என்றார் பியோன். பெயரைச் சொன்னதும் உலின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். முதல் முறை கேட்டபோதும் இதே சிரிப்புத்தான் சிரித்தான்.

மால்தோங் குட்சூன் சொல்லைத் தட்டவில்லை. பிரிகிற பாதையில் எல்லாம் தலையைச் சொறிந்து, "இப்படிப் போனா இருக்குமோ என்னமோ" என்பான். இருக்கும். மூன்றாம் நாள் சர்தாய் பியோனிடம், "இவன மாதிரி அதிர்ஷ்டக்காரன நான் பாத்ததே இல்ல" என்றார். மால்தோங்குக்கு வியர்த்துவிட்டது. அதனால் நாலாம் நாள் வேண்டுமென்றே எல்லோரையும் சதுப்பில் கொண்டுபோய் இறக்கினான். குதிரை ஈக்கள் மொய்க்க, இடுப்பளவு சேற்றில் நின்றுகொண்டு சர்தாய் ஐந்து நிமிஷம் கத்தினார்.

"பரவாயில்லன்னு சொல்றாரு" என்றார் பியோன்.

உச்சிக்குக் கீழே ஒரு மேட்டில் மேற்கு ஓடை கிடைத்தது. அது அம்னோக், சந்தேகமில்லை. கிழக்குப் பக்கத்தில் கண்ணில் பட்ட முதல் ஓடையைக் காட்டி, "இதுதான் துமான்" என்றார் சர்தாய். அதற்குமேல் தேட அவரது கட்டி சம்மதிக்கவில்லை. கல்லைக் கொத்தி நட்டார்கள். வேலை முடிந்தது என்று பேரரசருக்குக் கடிதம் எழுதி, குதிரை வீரனிடம் கொடுத்து அனுப்பியும் விட்டார்.

அந்த ஓடை துமான் இல்லை. கொஞ்ச தூரம் கிழக்கே போகிற மாதிரி போக்குக் காட்டிவிட்டு, நுரைக்கல்லுக்கு அடியில் புதைந்து, அப்புறம் வடக்கே திரும்பிப் பேரரசர் காட்டுக்குள்ளேயே போய்விடும். உண்மையான துமான் தெற்கே அடுத்த முகட்டுக்கு அப்பால் பிறக்கிறது. இது தெரிய வேண்டுமானால் வடக்குச் சரிவில் இறங்கி நடந்திருக்க வேண்டும். மால்தோங் பத்துத் தடவை நடந்தவன். அவன் கழுத்தைத் தடவிக்கொண்டான். உலினும் நடந்தவன்தான். அவன் வானத்தில் ஏதோ பறவையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் ஓடையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். தண்ணீர் கல்லுக்குள் மறைந்தது. காய்ந்த தடத்தின் தென்கரையில் காட்டுக்குள் நடந்தார்கள். நடுப்பகல். மால்தோங் ஒரு மரவேரைத் தாண்டக் காலைத் தூக்கியபோது, பெரணிகளுக்கு நடுவே சிவப்பாக ஒரு கொத்துப் பழம் தெரிந்தது. பழத்துக்குக் கீழே, வேரின் வயசைச் சொல்லும் கிளை ஆறு. ஆறு! அவன் அப்பன் நாலு கிளைச் செடி ஒன்றைப் பார்த்ததைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தான்.

குட்சூனும் கழுத்தும் அவனுக்கு ஞாபகம் வந்தார்கள். ஆனால் அதற்குள் காடே அதிர்ந்துவிட்டது.

"சிம்பத்தா! சிம்பத்தா! சிம்பத்தா!"

சட்டென்று பத்துக் கோடாலிக்காரர்களும் தரையில் உட்கார்ந்தார்கள். ஒருவன் சேறு என்றுகூடப் பார்க்கவில்லை. புலியோ என்று வீரர்கள் வில்லை எடுத்தார்கள். சர்தாய் சுற்றிலும் பார்த்தார். அவருடைய ஆள் உலின், அவர் காலடியிலேயே, முழங்காலில் கை வைத்து ஒழுங்காக உட்கார்ந்திருந்தான்.

சர்தாய் பேசப் பேசப் பியோன் அதை எங்கள் பேச்சில் சொன்னார்.

"காட்டப் பத்தி ஒண்ணுமே தெரியாத பதினோரு பேரு. பத்துப் பேருக்கு ஒரே நேரத்துல காலு வலிச்சிருச்சாக்கும்." சர்தாய் உலின் பக்கம் திரும்பினார். "உனக்குமா?"

"லேசா வலிக்குது எஜமான்" என்றான் உலின்.

"சரி. இந்தச் செடி யார் மண்ணுல நிக்குது?"

பியோன் காய்ந்த தடத்தைக் காட்டினார். "நேத்து நீங்க நட்ட கல்லுப்படி, ஓடைக்குத் தெக்க எங்களோடது. ஓடை துமானுக்குப் போகுதுன்னா இது எங்க மண்ணு. இவங்க தப்பு ஏதும் செய்யல."

"போகலைன்னா?"

"கல்லு தப்பு. இது உங்க மண்ணு. இவங்க எல்லாரும்..." மீதியைத் தன் கழுத்தில் விரலை இழுத்துக் காட்டினார்.

சர்தாய் மால்தோங்கின்மேல் வந்து குனிந்தார். "ஓடை எங்கடா போகுது?"

எனக்கு எப்படிங்க தெரியும் என்று வழக்கமான பதில் நுனி நாக்குவரை வந்துவிட்டது. அதை மால்தோங் கடித்து நிறுத்தினான். தெரியாது என்றால் இந்த மண் யாருடையது என்று தேடுவார்கள், பதினொரு தலையும் போகும். வடக்கே போகிறது என்று உண்மையைச் சொன்னால் இப்போதே போகும். அவன் முகத்தை மண்ணில் வைத்தான்.

"துமானுக்குத்தாங்க போகுது எஜமான்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நேத்து நீங்கதாங்களே சொன்னீங்க. கல்லுலயே வெட்டியிருக்கே. அத விட எனக்கு என்னங்க தெரியும்?"

சர்தாய் அவனையே பார்த்தார். கல் தப்பென்றால் அவர் மறுபடி ஏற வேண்டும், போன கடிதத்தைத் துரத்திப் பிடிக்க வேண்டும், தன் ஆளே திருடன் என்றும் எழுத வேண்டும். கட்டி வேறு தெறித்தது.

"உலின், நீ என்ன சொல்ற?"

"கல்லு சொன்னாச் சரியாத்தான் இருக்கும் எஜமான்."

சர்தாய் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு செடியைக் காட்டினார். "அப்ப இது உங்க ராஜாவோடது. அவரு எனக்கு ஒரு பரிசு தரணும் இல்லையா?"

மால்தோங் மான்கொம்புக் குச்சியால் ஒரு மயிர்வேர்கூட அறாமல் அதைத் தோண்டி எடுக்கச் சாயங்காலம் ஆனது. பாசியில் பொதிந்து, மரப்பட்டையில் சுற்றி, இரண்டு கையாலும் நீட்டினான். நீட்டும்போது ஓவென்று அழுதுவிட்டான். ஒரு பிறவிக்கு ஒரு முறை கண்ணில் படுவது, யாரோ ஒரு கட்டிக்காரனுக்குப் போகிறதே! ராஜபக்தி என்று நினைத்து சர்தாய் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். பழம் மண்ணுக்குத் திரும்ப வேண்டும் என்பதும் எங்கள் சட்டம்தான். அந்தச் சிவப்புப் பழங்களை மால்தோங் கன்னத்தில் அடக்கிக்கொண்டு வந்ததால் ஊர்வரை அவன் பேசவே இல்லை.

காகிதம் கிடைத்தது. பியோன் சொன்ன சொல் தவறவில்லை.

மறு வருஷம், கல்லிலிருந்து ஓடையோடு கல்வேலி கட்டி வரச்சொல்லி ஹன்யாங்கிலிருந்து உத்தரவு வந்தது. கட்டிக்கொண்டே போனவர்கள், மறைந்த தண்ணீர் மறுபடி வெளியே வருகிற இடத்தைப் பார்த்தார்கள். ஊர்த்தலைவர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"டேய் மால்தோங், தண்ணி வடக்கால போகுதுடா!"

"அப்படியா தலைவரே? எனக்கு எப்படித் தெரியும்?"

பேரரசரின் கல் தப்பு என்று யார் போய்ச் சொல்வது? எங்கள் ராஜாவிடம் சொன்னால் அவர் பேரரசரிடம் சொல்ல வேண்டும், அதற்கு அவர் தலையைச் சீவுவதே மேல் என்று நினைப்பார். அதுவும் எங்கள் தலையை. ஆகவே ஓசைப்படாமல் வேலியை வளைத்து, முகட்டைத் தாண்டி, நிஜத் துமானில் கொண்டுபோய் முட்டவிட்டார்கள். கல் சொல்லும் எல்லை ஒன்று, வேலி சொல்லும் எல்லை வேறு. நடுவில் ஒரு நாள் நடக்கிற அளவுக்குக் காடு. ஊருக்குக் கொண்டுவந்த பழங்களை மால்தோங் திரும்பிப் போய் அந்தக் காட்டில்தான் விதைத்திருந்தான். இலையுதிர் காலம் வந்தால் உலினும் அங்கே சட்டியோடு வந்துவிடுவான்.

"யோவ், மாட்டினா தலை போயிரும்யா" என்று ஒரு தடவை குட்சூன் வழியை மறித்தாள்.

"போகும்தான். ஆனா அதுக்கு மொதல்ல அது யாரு மண்ணுன்னு ராஜாவும் பேரரசரும் சேந்து முடிவு பண்ணணும்."

"பண்ணிட்டா?"

"பண்ணணும்னா மேல ஏறிப் பாக்கணும்."

"ஏறினா?"

"வழி தெரிஞ்ச ஆளு வேணும்டி. எங்கிட்டத்தான் வரணும்."

குட்சூன் வழியை விட்டாள். உலினுக்கும் சேர்த்து இரண்டு கருவாடு கட்டிக் கொடுத்தாள்.

எழுபத்தொன்றாவது வயதில் மால்தோங் இருமல் வந்து செத்துப்போனான். தலையோடுதான் புதைத்தோம்.