தேங்காய்க்கு நடுவில் ஹாக்கி

பெருமாட்டி பக்கத்துக் கல்லூரியில் இருபத்தாறு வருஷமாக ஹாக்கி கோச்சாக இருக்கும் மோகனசுந்தரத்தின் உயிரை வாங்கியது எதிரணி அல்ல, தேங்காய். மழை விட்டால் போதும், மைதானத்துக்கு நிலம் கொடுத்த குப்பண்ணன் கொப்பரைக்காக உடைத்த தேங்காயை அங்கேதான் காயப்போடுவார். கத்தியும் கெஞ்சியும் பலனில்லாமல், தேங்காய்க்கு நடுவிலேயே பந்தை வளைத்து ஓட்ட மாணவிகளைப் பழக்கினார் கோச்.

இந்த வருஷ இறுதிப் போட்டியில், கோல்கீப்பரைத் தவிர எதிரே ஈ காக்கை இல்லை. பந்தோடு பாய்ந்த யோகப்பிரியா நேரே அடிக்காமல் வெறுந்தரையில் வளைந்து வளைந்து ஓடினாள். பந்து பறிபோனது, கோப்பையும் போனது.

"ஏம்புள்ள, ஆரைச் சுத்தி ஓடுன?"

"கால் தானா வளையுதுங்க சார்."

தலையிலடித்துக்கொண்டு ஊர் திரும்பினால், மைதானத்து வாசலிலேயே குப்பண்ணன். விஷயத்தைக் கேட்டு உச்சுக்கொட்டினார்.

"பயிற்சி பத்தலீங்க போல. கவலப்படாதீங்க சார், அடுத்த வருசம் இன்னுங் கொஞ்சம் நெருக்கமாப் போடச் சொல்றனுங்க."