வெட்கம் என்று சொன்ன முகம்

மச்சான், நீங்கள் பொய் சொன்னீர்கள். உங்கள் மகளுக்குப் பேய் பிடித்திருக்கிறது, அதைப் பார்த்துப் பயந்துதான் மாப்பிள்ளை ஓடிவிட்டான் என்று சொந்தம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறீர்கள். அந்த மாப்பிள்ளை நான்தான். நான் எதற்காகக் கல்யாணத்தை நிறுத்தினேன் என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும். உங்கள் பொய்யால் அந்தப் பெண் சென்னையில் கிடைத்த வேலைக்குப் போக முடியாமல் வீட்டுக்குள் கிடக்கிறாள். அதனால் எழுதுகிறேன். செம்மண்டலத்தில் தண்ணீர் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டுகிறவன் நான். எழுத்து எனக்குப் பழக்கம் இல்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அக்கா மகளைத் தாய்மாமன் கட்டுவது எங்கள் பக்கத்தில் புதிதில்லை. அவளுக்கு இருபத்து மூன்று, எனக்கு முப்பத்து நாலு. அக்கா வீடு சிதம்பரத்தில், வடக்கு வீதியில் இருந்து உள்ளே போகிற சந்தில். தை மாதம் அங்கேதான் அவளுக்குப் பூ வைத்து நிச்சயம் செய்தார்கள். வைகாசியில் திருவந்திபுரம் கோயிலில் கல்யாணம் என்று முடிவானது. எனக்கு ஆசை இருந்தது. அதை மறைத்தால் நானும் பொய்யன்தான்.

பூ வைத்த அன்று அவள் பாயில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். யார் கிண்டல் செய்தாலும் சிரித்தாள்.

"மாமன் எதிர்ல வந்து நின்னதும் பொண்ணுக்கு வெக்கத்தப் பாரு" என்றாள் ஒரு பெரியம்மா.

"வெக்கம் இருக்கட்டும், வந்ததுல இருந்து மாமன் இன்னும் ஒரு வாய் தண்ணி குடிக்கல. அவனுக்குத்தான் ஜாஸ்தி" என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் செய்தாள். மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை. நான் பைக்கில் போனேன். கிணற்றுக்குள் குழாயின் அடியில் இருக்கிற ஃபுட் வால்வில் கோளாறு. கழற்றிச் சரி செய்து மாட்டி முடித்தபோது கரண்ட் போய்விட்டது. ஓட்டிப் பார்க்காமல் கிளம்ப முடியாது. மணி இரண்டு இருக்கும். அக்கா பின்பக்கம் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நீங்கள் வெளியே போயிருந்தீர்கள். ஃபேன் நின்ற வீட்டில் அக்கா மகள் ஜன்னல் ஓரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னா படம்?" என்றேன்.

"அனிமே, மாமா. ஜப்பான்ல வரையறது."

"பொம்மப் படமா? சின்னப் புள்ளைங்க பாக்குறதாச்சே."

"இத சின்னப் புள்ளைங்க பாத்தா ராத்திரி தூங்காது" என்றாள். போனை என் பக்கம் திருப்பினாள்.

ஒரு வீட்டுக்கூடம். விருந்தாளிகள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு பெண் எல்லோருக்கும் டீ ஊற்றுகிறாள். அப்பா ஏதோ சொல்கிறார். விருந்தாளிகள் தலை ஆட்டுகிறார்கள். பிறகு அந்தப் பெண்ணின் முகம் மட்டும் வருகிறது. எல்லாச் சத்தமும் நின்றுவிடுகிறது. உதட்டின் இரண்டு ஓரமும் மெதுவாக மேலே போகின்றன. ரொம்ப மெதுவாக. கண் அசையவில்லை, இமைக்கவும் இல்லை. அந்தச் சிரிப்பு நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் இன்னும் கொஞ்சம் மேலே போகிறது. டீ கோப்பையில் நிரம்பி வழிகிறது. அவள் ஊற்றிக்கொண்டே இருக்கிறாள்.

நான் மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டே, தெரிந்தவன் மாதிரி சொன்னேன்: "கல்யாணம் பேசுறாங்க போல. பொண்ணு வெக்கப்படுது."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு, "இன்னொரு வாட்டி பாரு, மாமா" என்றாள்.

பார்த்தேன்.

"வெக்கம் இல்லன்னா பேயா? உள்ள ஏதோ பூந்துடுச்சா?"

"எல்லாரும் இதத்தான் சொல்றாங்க. இந்த ஒரு சீனுக்குக் கீழ ஆயிரம் பேரு சண்ட. பேய் ஏறிடுச்சுன்னு ஒருத்தன் சொல்றான், அவ டீயில வெஷம் கலந்துட்டான்னு ஒருத்தன் சொல்றான்."

"நீ என்னா சொல்ற?"

"உள்ள எதுவும் வரல மாமா. அவதான் வெளிய போயிட்டா. போறப்ப மூஞ்ச மட்டும் அங்க வச்சிட்டுப் போயிட்டா. வந்தவங்க பாத்துக்கினு இருக்கட்டும்னு."

"எங்க போனா?"

"அது அவளுக்கே தெரியாது. திரும்பி வர வழியும் தெரியாது. அதான் டீ வழியுது."

அப்போது அக்கா பின்பக்கத்தில் இருந்து குரல் கொடுத்தாள். "ஏண்டி, மாமன்கிட்ட கேட்டுக்கோ, கூரப் பொடவ என்னா கலர் எடுக்கலாம்னு. கல்யாணத்துக்கு அப்பறம் பேச நேரம் இருக்காது அவனுக்கு."

அவள் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். நான் ஒரு முழத் தூரத்தில் இருந்தேன். உதட்டின் இரண்டு ஓரமும் மெதுவாக மேலே போயின. கண் அசையவில்லை. "எதுன்னாலும் சரிம்மா" என்று வாய் சொன்னது. அந்தக் குரல்கூட வேறு எங்கிருந்தோ வந்தது. பிறகு அதே முகத்தோடு என் பக்கம் திரும்பினாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கரண்ட் வந்து ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. முகம் இறங்கவில்லை. நான் எழுந்து கிணற்றுப் பக்கம் போய்விட்டேன். சுவிட்சைப் போட்டேன், தண்ணீர் ஏறியது.

வீட்டுக்கு வந்ததும் பூ வைத்த அன்று எடுத்த போட்டோக்களைப் போனில் பார்த்தேன். நூறு போட்டோவுக்கு மேல் இருக்கும். பெரியம்மாவோடு நிற்கிறாள், அக்காவோடு நிற்கிறாள், என்னோடு நிற்கிறாள். எல்லாவற்றிலும் ஒரே முகம். கொஞ்சம் அதிகமோ குறைவோ இல்லை. ஒரு முகத்தை வெட்டி எல்லாப் படத்திலும் ஒட்டியது மாதிரி இருந்தது. அதில் ஒரு படத்தை நான் போனைத் திறந்தாலே தெரிகிற மாதிரி வைத்திருந்தேன். இரண்டு மாதமாக ஒரு நாளைக்கு ஐம்பது தடவை அதைப் பார்த்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் வெட்கம் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

மறுநாள் காலையில் கடையைத் திறக்காமல் அவளுக்குப் போன் செய்தேன்.

"உனக்கு இந்தக் கல்யாணம் வேணாமா?"

அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"என்னப் பத்திக் கவலப்படாத. சொல்லு."

"நீ நல்லவன்தான் மாமா. என்னத் தூக்கி வளத்த. அதுக்காக எப்டி..." என்று நிறுத்தினாள். "அப்பாகிட்ட சொன்னேன். மூணு வாட்டி சொல்லிட்டேன். மொத வாட்டி சிரிச்சாரு. ரெண்டாவது வாட்டி, பொண்ணுங்க அப்டித்தான் சொல்லும்னாரு. மூணாவது வாட்டி, மாமன்கிட்ட மட்டும் இத சொல்லிடாத, மனசு ஒடஞ்சிடுவான்னாரு."

அன்றைக்கே சிதம்பரம் வந்தேன். எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம், அவளுக்குப் பிடிக்கவில்லை என்று உங்கள் முகத்துக்கு நேராகச் சொன்னேன். ஞாபகம் இருக்கிறதா மச்சான்? நீங்கள் என்ன சொன்னீர்கள்? "வேணாம்னு எந்தப் பொண்ணுதான் சொல்லல? ஒங்கக்காவும்தான் சொன்னா." அக்கா கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எந்த முகத்தோடு இத்தனை வருஷம் எனக்குச் சோறு போட்டாள் என்று நான் அதுவரை யோசித்தது இல்லை. அப்போதும் நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வைகாசியில், கல்யாணத்துக்கு வைத்திருந்த அதே வாரத்தில், நீங்கள் அவளை நெல்லிக்குப்பத்துக்கு அந்தப் பக்கம் கரும்புக் கொல்லைக்கு நடுவில் இருக்கிற ஒரு பூசாரி வீட்டுக்குக் கூட்டிப் போனீர்கள். அக்கா எனக்குப் போன் செய்து அழுதாள். நான் போய்ச் சேர்ந்தபோது நல்ல வெயில். உள்ளே அவள் முழுக்க நனைந்த தலையோடு மணையில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் எலுமிச்சம் பழம். போனில் பேய்ப் படம் பார்த்துப் பார்த்து அது இவள் மேல் ஏறிவிட்டது என்று நீங்கள் பூசாரியிடம் சொல்லியிருந்தீர்கள்.

"யாரு நீ? எங்கேர்ந்து வந்த?" என்று கேட்டார் அந்த ஆள். வேப்பிலையால் முகத்தில் அடித்தார்.

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். வெளியே கரும்புத் தோகை உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. உதட்டின் இரண்டு ஓரமும் மெதுவாக மேலே போயின.

"பாத்தீங்களா, சிரிக்குது" என்று பூசாரி ஓர் அடி பின்னால் போனார். நின்றவர்கள் எல்லோரும் பின்னால் போனார்கள். நீங்களும் போனீர்கள். பூ வைத்த அன்று பெரியம்மா கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்தாளே, அதே முகம்தான் மச்சான். ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை. கல்யாணம் நடக்கும் என்றபோது அது வெட்கம். கல்யாணம் நின்றதும் பேய்.

நான் அவளை எழுப்பி வெளியே கூட்டி வந்தேன். பைக்கில் பின்னால் உட்கார வைத்தேன். சிதம்பரம் வரும்வரை நான் கண்ணாடியில் பார்க்காமல் ஓட்டினேன். அவள் இருக்கிறாளா, முகத்தை மட்டும் வைத்துவிட்டுப் போய்விட்டாளா என்று எனக்குப் பயம். சந்து முனையில் இறங்கியதும், "தல ஈரமா இருக்கு மாமா, ஒரு துண்டு வேணும்" என்றாள். முனைக் கடையில் ஒரு துண்டு வாங்கிக் கொடுத்துவிட்டு நான் அந்தப் பக்கம் திரும்பி நின்று அழுதேன்.

அவள் நன்றாக வரைவாள். சென்னையில் படம் வரைகிற ஒரு கம்பெனியில் இருந்து வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். செப்டம்பர் வரை காத்திருப்பார்களாம். பேய் பிடித்த பெண்ணை எப்படித் தனியாக அனுப்புவது என்று நீங்கள் கேட்கிறீர்கள். சொந்தமும் அதையே கேட்கிறது. உங்களிடம் நான்கு தடவை தனியாகப் பேசிவிட்டேன். தனியாகப் பேசினால் தலை ஆட்டுகிறீர்கள், வெளியே போய் வேறு சொல்கிறீர்கள்.

நானும் சரியானவன் இல்லை. மூன்று தடவை அவள் உங்களிடம் வாயால் சொன்னாள். என்னிடம் முகத்தால் எத்தனை தடவை சொன்னாளோ. அந்தப் பொம்மைப் படத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால் நான் தாலி கட்டியிருப்பேன். காலம் முழுக்க அந்த முகத்தோடு குடும்பம் நடத்திவிட்டு, என் பெண்டாட்டி வெட்கக்காரி என்று நாலு பேரிடம் பெருமை பேசியிருப்பேன். இதை யார் முன்னாலும் சொல்வேன்.

உங்கள் முறை. ஆவணியில் உங்கள் அண்ணன் பேரனுக்குக் காதுகுத்து. சொந்தம் மொத்தமும் வரும், மைக்கும் இருக்கும். நான் எழுந்து கேட்பேன், நீங்கள் எல்லோர் முன்னாலும் பதில் சொல்ல வேண்டும். உங்கள் மகள் உங்களிடம் வேண்டாம் என்று சொன்னாளா, சொல்லவில்லையா?