புண் எழும்பாத ஊர்

உங்கள் பெரிய அக்கா அப்போதுதான் சுவரைப் பிடித்து நடக்கப் பழகியிருந்தாள். நீங்கள் யாரும் பிறக்கவில்லை. நான் மத்திகிரி மாட்டுப் பண்ணையில் தீவனக் கொட்டகையில் கூலியாக இருந்தேன். வாரம் முழுக்க அங்கேயே மற்ற ஆட்களோடு ஒரு வாடகை வீட்டில் படுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊருக்குப் போவேன். தேன்கனிக்கோட்டை ரோட்டிலிருந்து இறங்கி, வண்டித் தடத்தில் வெகுதூரம் உள்ளே போனால் நம் ஊர். இன்றைக்குக் கம்பெனிச் சங்கு ஊதுகிற பக்கமெல்லாம் அன்றைக்கு ராகிக் காடு. ரோட்டில் வருவது எதுவானாலும் எங்களுக்குக் கடைசியில்தான் வந்து சேரும். அதை ஒரு குறையாகக்கூட நாங்கள் நினைத்ததில்லை.

அந்தப் பங்குனியில் பண்ணைக்கு அம்மை குத்துகிறவர் வந்தார். அம்மை என்றால் உங்களுக்கு வந்து போனதே, அந்தச் சின்னம்மை இல்லை. பெரியம்மை. வந்தால் ஆளைக் கொண்டு போகும், விட்டால் கண்ணைக் கொண்டு போகும். வந்த பிறகு மருந்து கிடையாது. வராமல் தடுக்க அம்மைப்பால் ஒன்றுதான் உண்டு. கன்றுக்குட்டியின் தோலிலிருந்து எடுத்து, மெலிந்த கண்ணாடிக் குழாய்களில் அடைத்து, மெட்ராஸிலிருந்து தகரப் பெட்டியில் ஓசூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். அம்மை குத்துகிறவர் அதில் ஒரு சொட்டைக் கையில் விட்டு, பல் வைத்த ஒரு சின்னக் கருவியை அதன்மேல் வைத்துத் திருகுவார். தோல் கிழிந்து பால் உள்ளே இறங்கும்.

பெட்டி பண்ணைக்கு வந்த அன்றே எங்களை வரிசையில் நிறுத்தித் திருகிவிட்டார். நாலாம் நாள் எனக்கு ஜுரம். கை வீங்கி, கொப்புளம் எழும்பி, புல்லுக்கட்டைத் தூக்க முடியவில்லை. பண்ணையில் எல்லோருக்கும் அதே கதி. அந்த மனிதரைத் திட்டாத ஆள் இல்லை.

பிறகு அவர் மிச்சக் குழாய்களைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் கிராமங்களுக்குப் போனார். ஒவ்வோர் ஊராகப் போய் எங்கள் ஊருக்கு வந்தபோது பங்குனி முடியும் தறுவாய். குழந்தைகள் எல்லோருக்கும் குத்தினார். உங்கள் அக்காவுக்கும், என் மச்சானின் மகனுக்கும். மச்சான் என்றால் உங்கள் அம்மாவின் அண்ணன். ஊரில் நாலு பேர் மதிக்கிற ஆள். கோயில் காரியம் அவர் இல்லாமல் நடக்காது.

அடுத்த ஞாயிறு நான் போனபோது ஊரே சந்தோஷமாக இருந்தது. ஒரு குழந்தைக்கும் ஜுரம் இல்லை, வீக்கம் இல்லை, ஒரு கொப்புளம்கூட எழும்பவில்லை. என் கையில் பொருக்கு உதிராமல் கிடப்பதைப் பார்த்து மச்சான் கேலி பண்ணினார். டவுன்காரர்கள் பண்ணிய பாவமெல்லாம் உன் கையில் ஏறியிருக்கிறது, நம் பிள்ளைகளை அம்மன் தொட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள் என்றார். மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தார்கள். நானும் சாப்பிட்டேன். அக்காவின் கையைத் தடவிப் பார்த்தேன். வழுவழுவென்று இருந்தது. கீறல்கூட மறைந்துவிட்டது.

அம்மை குத்துகிறவர் பண்ணைக்கு மறுபடி வந்தது, யார் யாருக்குப் பிடித்திருக்கிறது என்று கையைப் பார்த்துக் குறித்துக்கொள்ள. என் கையைப் பார்த்து நன்றாகப் பிடித்திருக்கிறது என்றார். நான் அவரைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, எங்கள் ஊரில் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை, யாருக்கும் எழும்பவே இல்லை என்றேன்.

“ஒருத்தருக்குமா?” என்றார்.

“ஒருத்தருக்கும் இல்லீங்க.”

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். “எழும்பலைன்னா பிடிக்கலைன்னு அர்த்தம்யா. வெயில்ல பால் செத்துப்போச்சு. நான் உங்க புள்ளைங்களுக்குக் குத்தினது வெறும் தண்ணி.”

செத்த பாலை ஏன் கொண்டு வந்தீர்கள் என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பெட்டி வந்தால் முதலில் ஆஸ்பத்திரி, ஆபீசர்மார் வீடு, கடைத்தெரு, பள்ளிக்கூடம், பண்ணை என்று கிரமம் இருக்கிறதாம். பண்ணையில் மாட்டு மருந்துக்கு மண்ணெண்ணெய்க் குளிர்ப்பெட்டி உண்டு, டவுனில் ஐஸ் உண்டு. அதற்கப்பால் ஈரத்துணிதான். துணி காய்ந்தால் வழியில் கிணறு வர வேண்டும். பால் செத்ததா இல்லையா என்பது குழாயைப் பார்த்தால் தெரியாதாம். எல்லாம் ஒரே நிறம்தான்.

“டவுன்ல ஒரு கை எழும்பலைன்னா மறுநாளே மனு எழுதிப் போட்டுடறாங்க. நீங்க பொங்கல் வைக்கறீங்க” என்றார்.

அந்த வாரமே ஜூஜுவாடிப் பக்கம் அம்மை இருப்பதாகப் பேச்சு வந்தது. எங்கள் ஊர் வண்டிக்காரர் அந்த வழியாகத்தான் அத்திப்பள்ளிக்கு விறகு ஏற்றிப் போவார். நான் ஞாயிறு வரை காத்திருக்கவில்லை. வியாழக்கிழமையே கிளம்பிவிட்டேன்.

ஊர் எல்லையில் தடத்தின் குறுக்கே வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தது. கால் அதோடு நின்றுவிட்டது. வண்டிக்காரர் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், அம்மவாரு, அதாவது அம்மன், வந்திருக்கிறாள் என்று அவர் பெண்சாதி முதல்நாள் தெருவில் சொல்லியிருக்கிறாள். வண்டிக்காரரின் தாயாருக்கு முகமெல்லாம் அம்மை போட்டுவிட்டது. உடனே ஊர் கூடி மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டார்கள். காப்புக் கட்டினால் திருவிழா முடிகிறவரை ஊரில் இருப்பவர்கள் வெளியே இராத் தங்கக் கூடாது. பகலில் போனாலும் விளக்கு வைக்கும் முன் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். மீறினால் அதற்குப் பிறகு ஊரில் விழும் ஒவ்வொரு சாவும் மீறின வீட்டின் தலையில்தான்.

நான் நேரே மச்சான் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். இரண்டு குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு ஓசூர் போய் நல்ல பாலாகக் குத்திக்கொண்டு வந்துவிடலாம் என்றேன். அம்மை பட்டுவிட்டால்கூட ஒன்றிரண்டு நாளுக்குள் குத்தினால் காப்பாற்றும் என்று அம்மை குத்துகிறவர் சொன்னதையும் சொன்னேன்.

மச்சான் மகனை மடியில் வைத்து ராகிக் களி ஊட்டிக்கொண்டிருந்தார். “அம்மா இப்ப ஊருக்குள்ள நடந்துக்கிட்டு இருக்கறா மாப்ளே. இப்பப் போயி ஊசிய எடுத்தா, யாரக் குத்தறம்னு நெனச்சுப் பாத்தியா?”

“குத்துன பால் செத்துப் போச்சாம் மச்சான்.”

“சொன்னது யாரு, அந்தச் சைக்கிள்காரனா? போன மாசம் குத்திக்கோன்னான், இந்த மாசம் அது தண்ணின்றான். வர்ற மாசம் என்னா சொல்லுவான்?”

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. உங்கள் அம்மா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வெளக்கு வெக்கறதுக்குள்ள வந்துட்டா தப்பில்லதான அண்ணா, என்று மட்டும் கேட்டாள். மச்சான் அடுத்த வாய் களியை மகனுக்கு ஊட்டினார். மறுநாள் விடிந்ததும் நாங்கள் குழந்தையோடு கிளம்பினோம்.

ரோட்டுக்கு வந்து பஸ் ஏறினோம். கண்டக்டர் சீட்டுக் கொடுக்க வந்தவர் குழந்தையின் அரைஞாணைப் பார்த்தார். வேப்பிலைக் கொத்து ஒன்று அதில் செருகியிருந்தது. ஊரில் எல்லாக் குழந்தைகளுக்கும் செருகியிருந்தார்கள். எடுத்துவிட வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. எந்த ஊர் என்று கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன் பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். ஒரு அம்மாள் தன் குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடினாள். பஸ்ஸை நிறுத்தி எங்களை இறக்கிவிட்டார்கள். யாரும் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அவர்கள் முகத்தில் இருந்த பயம் எங்கள் முகத்தில் இருந்த அதே பயம்தான். மிச்ச வழியை வெயிலில் நடந்தோம். குழந்தையை மாற்றி மாற்றித் தூக்கினோம்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர உச்சி சாய்ந்துவிட்டது. தாழ்வாரத்தில் டவுன் குழந்தைகள் வரிசையாக நின்றிருந்தார்கள். நாங்கள் எந்த ஊர் என்பது எப்படியோ அங்கேயும் தெரிந்துவிட்டது. கம்பவுண்டர் எங்களைக் கேட்டுக்கு வெளியே நிற்கச் சொன்னார். அம்மை குத்துகிறவர் வந்து பார்த்தார். குழாய்கள் தீருகிற நிலைமை, நிற்பவர்களுக்கே போதுமா தெரியாது, கடைசியில் ஏதாவது மிஞ்சினால் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மிஞ்ச வேண்டும். அங்கே நின்ற ஒவ்வொரு குழந்தையும் கையை நீட்டும்போது இன்னொரு சொட்டுப் போயிற்று என்று எண்ணினேன். யாரோ பெற்ற பிள்ளைகள், அவர்களுக்கும் வேண்டியதுதான். ஆனாலும் வரிசையில் புதிதாக ஒருவர் வந்து சேரும்போதெல்லாம் மனது அவரைத் திரும்பிப் போகச் சொன்னது. நிழல் நீண்டுகொண்டே போனது. இப்போது கிளம்பினால் விளக்கு வைப்பதற்குள் ஊர் போகலாம் என்று நான் சொன்னேன். சிறிது நேரம் கழித்து, இனி ஓடினால்தான் உண்டு என்றேன். உங்கள் அம்மா மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

“கையில குத்தாம நான் எந்திரிக்க மாட்டன்” என்றாள்.

எல்லோரும் போன பிறகு அம்மை குத்துகிறவர் கேட்டுக்கே வந்தார். கடைசிக் குழாயின் அடியில் ஒட்டியிருந்ததை ஊதி எடுத்து அக்காவின் கையில் விட்டுத் திருகினார். அவள் அலறினாள். துடைக்காதீர்கள், சாணமோ சாம்பலோ தடவாதீர்கள் என்றார்.

நாங்கள் எல்லையை அடைந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. தோரணத்தின் அடியில் மச்சான் தனியாக நின்றிருந்தார். உங்கள் அம்மாவின் கையிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். நடந்துகொண்டே பேசினார்.

“பொழுதோட வந்துட்டாங்க, எங்கூட்டுலதான் இருக்கறாங்கன்னு சொல்லிட்டன். யாரு கேட்டாலும் அதையே சொல்லுங்க.”

சாமி காரியத்தில் அவர் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகுதான் நிஜமான பயம். நான் பண்ணைக்குப் போகவில்லை. தினமும் விடிந்ததும் அக்காவின் கையை வெளிச்சத்தில் பார்ப்போம். முதல் நாள் ஒன்றும் இல்லை. அடுத்த நாளும் இல்லை. வண்டிக்காரரின் தாயார் செத்துப்போனார். அம்மையில் போனால் மேளம் கிடையாது, ஒப்பாரி கிடையாது. சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டு போனார்கள். விளக்கு வைத்த பிறகு ஊருக்குள் வந்தது யார் என்று யாரோ கேட்டதாகக் காதில் விழுந்தது. உங்கள் அம்மா கதவைச் சாத்தியே வைத்தாள்.

பிறகு ஒரு நாள் காலை அக்காவின் உடம்பு கொதித்தது. பால் குடிக்கவில்லை. கண் சொருகியது. அது பிடித்த பாலின் ஜுரமா, வந்த அம்மையின் ஜுரமா? இரண்டும் இப்படித்தான் தொடங்கும். யாரைக் கேட்பது? கேட்டால் என்ன என்று சொல்வது? அவளை மல்லாக்கப் படுக்க வைத்து, உங்கள் அம்மா நெற்றி, கழுத்து, வயிறு, உள்ளங்கால் என்று ஒவ்வோர் இடமாகத் தடவிப் பார்ப்பாள். முடித்ததும் மறுபடி நெற்றியிலிருந்து ஆரம்பிப்பாள். ஒரு கொசுக்கடியைப் பார்த்துவிட்டு இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அது பெரிதாகிறதா, பக்கத்தில் இன்னொன்று வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தோம். அது கொசுக்கடிதான்.

மறுநாள் கை சிவந்தது. திருகின இடங்களில் மட்டும் தோல் மேலே எழும்பி முத்துப்போலத் தண்ணீர் கோத்தது. வேறு எங்கும் இல்லை. உங்கள் அம்மா அழுதாள். நான் அந்தப் புண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சாயங்காலம் மச்சான் வந்தார். குழந்தையின் கையை வெகுநேரம் பார்த்தார். அக்காவுக்கு முதலில் குத்திய அதே நாள், அதே பையிலிருந்துதான் அவர் மகனுக்கும் குத்தியது. அவன் கை இன்னும் வழுவழுவென்றுதான் இருந்தது.

“காலையில நானும் வரன் மாப்ளே” என்றார்.

போனோம். வேப்பிலையை அவரே எடுத்து எறிந்தார். பஸ் ஏற்றிக்கொண்டது. ஆனால் பெட்டி காலி. அம்மை குத்துகிறவர் காலிப் பெட்டியைத் திறந்தே காட்டினார். அடுத்தது மெட்ராஸிலிருந்து வர வேண்டும், வந்தால் சொல்லி அனுப்புகிறேன் என்றார். வந்தாலும் முதலில் டவுனுக்குத்தானே என்று மச்சான் கேட்டார். ஒரு குழாயைத் தனியாக எடுத்து வைக்கிறேன் என்று அவர் சொன்னார். திரும்பும்போது மச்சான் மகனைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை.

திருவிழா முடிந்து காப்பு அவிழ்த்தார்கள். நான் பண்ணைக்குத் திரும்பினேன். சில நாளில், பெட்டி வந்துவிட்டது, பையனைக் கொண்டு வரச் சொல்லுங்கள், என்று ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தான். கொட்டகையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். மூச்சு வாங்க மச்சான் வீட்டு முன்னால் போய் நின்றேன். கதவு சாத்தியிருந்தது. நிலைப்படியில் பச்சை வேப்பிலை செருகியிருந்தது. நான் வந்த சத்தம் கேட்டு உள்ளிருந்து அவர் குரல் வந்தது.

“அங்கயே நில்லு மாப்ளே. உள்ள வராத. பாப்பாவ இந்தப் பக்கம் தூக்கிட்டு வர வேணாம்னு தங்கச்சிகிட்டச் சொல்லு.”

வெகுநேரம் தெருவிலேயே நின்றேன். எதற்கு ஓடி வந்தாய் என்று அவர் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டார். சும்மாதான், பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றேன். உங்கள் மாமன் மகன் பிழைத்துவிட்டான், ஒரு கண் போய்விட்டது. பெட்டி வந்ததை மச்சானிடம் நான் கடைசிவரை சொல்லவே இல்லை.