ஆறாவது கிண்ணம்

கும்மிடிப்பூண்டியில் ஒரு டைல்ஸ் கம்பெனியில், மெருகில் கீறல், குமிழி இருந்தால் பார்த்துத் தள்ளுவது என் வேலை. எட்டு மணி நேரம் குறை தேடிய கண் வீட்டுக்கு வந்தும் சும்மா இருப்பதில்லை. அப்படிப் பிடித்த பைத்தியம்தான் பழைய சீனப் பீங்கான். மெருகின்மேல் எனாமல் வண்ணம் தீட்டி மறுபடி சுட்டது அது. பூவைத் தடவினால் விரலில் தட்டுப்படும். ஊரில் உள்ள ஓட்டையெல்லாம் என் கண்ணில் படுகிறது, ஒழுகுகிற எங்கள் சமையலறைக் கூரை மட்டும் படவில்லை என்பாள் மனைவி.

அந்தக் கிண்ணம் புதுவாயலில் பழைய சாமான் கடையில் கிடைத்தது. ரோஜா நிறப் பூ, விளிம்பில் தேய்ந்த பொன்கோடு. கவிழ்த்துப் பார்த்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. எவர்சில்வர் குடத்தில் பேர் வெட்டுவதுபோல, அடியில் மூன்று தமிழ் எழுத்துகளை எவனோ புள்ளி புள்ளியாக வெட்டி வைத்திருந்தான். திட்டிக்கொண்டேதான் வாங்கினேன். ஆனால் ஒரு பொருள் யார் யார் கை மாறி வந்தது என்று தெரியாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. கடைசியில் அந்த எழுத்துகளே வழி காட்டின. பழவேற்காட்டில் ஒரு பாய் வீட்டுச் சாமான்களில் அப்படி வெட்டியிருக்கும் என்று கடைக்காரர் விசாரித்துச் சொன்னார்.

போன ஞாயிற்றுக்கிழமை அங்கே போனேன். பையிலிருந்து கிண்ணத்தை எடுத்ததும் அந்த வீட்டம்மா கண்ணாடி அலமாரியைக் காட்டினார். அதே பூவில் ஐந்து கிண்ணங்கள் இருந்தன. ஆறாவதன் இடம் காலி.

"நோம்புக் கஞ்சி ஊத்தி எதிரூட்டுக்குக் குடுத்தனுப்புனேன் தம்பி. ஐஸ் பேக்டரில வேல பார்த்தாரே, அவரு ஊடு. கிண்ணமும் திரும்பல, ஆளுங்களும் திரும்பல."

பழவேற்காட்டில் ஐஸ் பேக்டரியில் வேலை பார்த்தவர் என் அப்பா. எனக்கு மூன்று வயதானபோது அந்த ஊரைவிட்டு வந்தோம். எந்தத் தெருவில் இருந்தோம் என்றுகூட நான் கேட்டதில்லை.

வாசலுக்கு வந்து அம்மாவுக்குப் போன் போட்டேன். எதிர்வீட்டுக் கிண்ணம் ஏதாவது நம்மிடம் தங்கிவிட்டதா என்று கேட்டேன்.

"ரோசாப்பூ போட்டதா? வெறுங்கிண்ணத்த எப்பிடிடா திருப்பிக் குடுக்கறது? அப்ப உங்கப்பாவுக்கு வேல போயிடுச்சி. போட்டுக் குடுக்க ஒரு புடி சக்கர இல்ல ஊட்டுல. நாளைக்கி, நாளைக்கின்னே இருந்துட்டேன்."

அப்புறம் அதைப் பார்க்கச் சகிக்காமல், பிளாஸ்டிக் பக்கெட் விற்க வந்தவனிடம் பழைய சாமான்களோடு போட்டுவிட்டாளாம்.

கிண்ணம் கை மாறிய வழியைக் குறித்து வந்த என் நோட்டில் பழவேற்காட்டுக்கும் புதுவாயலுக்கும் நடுவே ஒரு வரியைக் காலியாக விட்டிருந்தேன். அந்த வரி எங்கள் வீடு. தெருமுனைக் கடைக்கு நடந்தேன். சர்க்கரை வாங்கி வந்து, கிண்ணம் நிறையக் கொட்டி, அந்த அம்மாவின் கையில் கொடுத்தேன். எதிர்வீட்டுக்காரர் மகன் நான்தான் என்றேன். கிண்ணத்தைக் கொடுக்க எனக்கு மனசே வரவில்லை, அதையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன். இத்தனை நாளும் கிண்ணம் திரும்பாததற்கு அம்மா சொன்ன காரணத்தையும் அவரிடம் சொன்னேன்.

அவர் சர்க்கரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்காவா உங்கம்மா எங்கிட்ட சொல்லிக்காமப் போனா?"