பிறக்கும் முன்பே பதிவான பிறப்பு

பியோ சுனிமுக்குப் பிறந்த வருடம் இரண்டு. கொரியாவில் வருடங்களை விலங்குகளின் பெயரால் சொல்வார்கள். அம்மா சொன்னது ஆட்டு வருடம், அதாவது 1955. அரசாங்கத் தாள் சொல்வது பாம்பு வருடம், 1953. குவாங்ஜு நகரச் சந்தையில் கிம்ச்சி ஊறுகாயும் தொடுகறிகளும் விற்கிற அவள், இந்த இரண்டு வருட வித்தியாசத்தால் பட்ட பாடு கொஞ்சமில்லை. பள்ளியில் சேர்ந்த அன்றே வாத்தியார் அவளை ‘கிழவி’ என்றார். கல்யாணப் பொருத்தம் பார்க்க வந்தவர், பெண் பாம்பா ஆடா என்று முதலில் முடிவு செய்துகொண்டு கூப்பிடுங்கள் என எழுந்து போய்விட்டார். ஊர் அலுவலகத்தில் எவனோ குமாஸ்தா குடித்துவிட்டு எழுதியிருக்கிறான் என்றுதான் அவள் நம்பினாள். முகம் தெரியாத அந்த மனிதனை வாழ்நாள் முழுக்கத் திட்டினாள்.

முப்பது வருடத்துக்கு ஒருமுறை அச்சாகும் வம்ச நூலைப் பியோ குலத்தார் மறுபடி தொகுத்தபோது அவளுக்கு நல்ல நேரம் வந்தது. அதுவரை பெண்பிள்ளைகளின் இடத்தில் மருமகன் பெயரைத்தான் போடுவார்கள். பெற்றவளுக்குப் பெயர் இருந்ததா என்றுகூட பேரன் பேத்திக்குத் தெரியாது. இந்தத் தடவை பெண்ணுக்கும் தனி வரி. அந்த ஒரு வரியாவது சரியாக இருக்க வேண்டும், ஆட்டு வருடம் என்றே அச்சாக வேண்டும் என்று சுனிம் ஒற்றைக்காலில் நின்றாள்.

தொகுப்பு வேலை பார்த்தவர் தொக்மன் என்ற பங்காளிப் பெரியவர். நாலாயிரம் பேரின் பிறப்பு இறப்பை மூக்குக்கண்ணாடிக்குக் கீழே புரட்டிய மனிதர். அவள் சொன்னதைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்தார்.

“பிள்ளை பிழைக்குதான்னு பார்த்துட்டுத்தாம்மா அந்தக் காலத்துல பதிவு பண்ணுவாங்க. அதனால எல்லாருக்கும் தாள்ல வயசு கம்மியாத்தான் இருக்கும். உனக்கு மட்டும் கூட இருக்கு. இப்படி நான் பார்த்தது ரொம்பக் கொஞ்சம். பழைய பதிவேட்டு நகலை வாங்கிப் பாரு.”

காரணம் என்ன என்று கேட்டாள். அவர் மறுபடி பேனாவை எடுத்துக்கொண்டார்.

நகல் கிடைத்தது. அதைப் பேருந்து நிறுத்தத்தில் நின்றே பிரித்தாள். கையெழுத்து கோணலில்லை. குடிகாரன் எழுத்து மாதிரியே தெரியவில்லை. பியோ சுனிம், பிறப்பு 1953 ஏப்ரல் ஒன்பது. அதற்குப் பக்கத்தில், தகப்பன் நேரில் வந்து தகவல் கொடுத்த நாள்: 1953 ஏப்ரல் இருபத்தெட்டு. அலுவலக முத்திரையும் இருந்தது.

பிறந்த தேதியைக் குமாஸ்தா தப்பாக எழுதலாம். பிறக்கப்போகிற பெண்ணுக்கு இரண்டு வருடம் முன்னாலேயே எந்தத் தகப்பன் போய்ப் பெயர் கொடுப்பான்? அவள் போக வேண்டிய பேருந்து வந்து நின்று போனது. அடுத்ததும் போனது.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு யோசுவில் இருக்கும் அண்ணன் கப்சுவின் வீட்டுக்குப் போனாள். படகு வேலையை விட்டுப் பத்து வருடமான அவர், முற்றத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். தாளை அவர் முன்னால் நீட்டினாள். படித்தார். உரித்த பூண்டைத் தோலோடு போட்டார், தோலைப் பூண்டோடு போட்டார்.

“இதை எதுக்குடி தோண்டுன?” என்றார்.

“யாருண்ணா இது?”

“உனக்கு முந்தி ஒருத்தி இருந்தா. அவதான் சுனிம்.”

சுனிம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் நிமிராமலே சொல்லிக்கொண்டு போனார். இரண்டு பையன்களைப் பறிகொடுத்த பிறகு பிறந்த பெண் அவள். அலுவலகத்துக்கு மலை தாண்டிப் போகவே அரை நாள் ஆகும். அப்பாவோ, பிள்ளை பிழைக்குமா என்று பார்க்கிற நூறு நாள்கூடப் பொறுக்காமல், மூன்றாம் வாரமே ஓடிப்போய்ப் பெயரைக் கொடுத்துவிட்டு, வழியெல்லாம் பாடிக்கொண்டு வந்தாராம். அடுத்த வருடக் குளிரில் அம்மை கண்டது. வைக்கோலில் சுற்றி அப்பாவே தூக்கிப் போனார். எங்கே வைத்தார் என்று யாருக்கும் சொல்லவில்லை. இறப்பைச் சொல்லவும் அவர் மலை தாண்டவில்லை. வசந்தத்தில் இவள் பிறந்தாள். பெயரும் இருக்கிறது, பதிவும் இருக்கிறது, இதுவும் பெண்தானே என்று விட்டுவிட்டார்.

“எனக்காக ஒரு தடவை நடக்கக்கூட அவருக்குக் கால் இல்லையா?”

“நடந்திருந்தா அவ செத்ததையும் எழுதணும்ல.”

அதற்கு மேல் சுனிமால் கோபப்பட முடியவில்லை. ஆனாலும் கேட்டாள், இவ்வளவு வருடமும் இதை மறைத்து வைத்திருந்தாயே, நான் யார் என்று நினைத்து என்னைக் கூப்பிட்டாய் என்று.

அண்ணன் தோல் குப்பையைக் கையால் ஒதுக்கினார். “நான் சுலபமாக் கூப்பிட்டேன். அம்மாதான் ஒரு வருஷம் உன்னைப் பேர் சொல்லியே கூப்பிடலை. ‘பாப்பா’ன்னுதான் சொல்லும். மொத தடவை ‘சுனிம்’னு கூப்பிட்டப்ப நீ திரும்பிப் பார்த்து சிரிச்ச. அம்மா சோத்துப்பானையைப் போட்டுட்டு வெளியே ஓடிருச்சு.”

திரும்பும் வழியில் பேருந்து ஜன்னலில் தெரிந்த முகத்தை அந்நியப் பெண்ணைப் பார்ப்பதுபோல் சுனிம் பார்த்தாள். கல்யாணம், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, கடை உரிமம், எல்லாவற்றிலும் கையெழுத்தாக இட்டது ஒன்றரை வயதில் போனவளின் பெயர். அச்சம் என்று சொல்வதா, வெட்கம் என்று சொல்வதா, அவளுக்கே தெரியவில்லை. சுனிம் என்று தனக்குத்தானே மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்.

தொக்மனுக்கு நடந்ததைச் சொல்லி, அக்காவுக்கும் ஒரு வரி போட முடியுமா என்று கேட்டாள். அவர் வருத்தத்தோடுதான் மறுத்தார். கல்யாணமாகாமல், அதுவும் பச்சைப்பிள்ளையாகப் போனவர்களை வம்ச நூலில் ஏற்றுகிற வழக்கம் கிடையாது. ஒரு பெயருக்கு ஒரு வரிதான். “உன் வருஷத்தை வேணா ஆடுன்னு திருத்திடுறேம்மா. அண்ணன் சாட்சி சொன்னாப் போதும்” என்றார்.

சுனிம் பதிவேட்டு நகலை அவர் முன்னால் வைத்தாள்.

“வேண்டாம் பெரியப்பா. பாம்பு வருஷமே இருக்கட்டும். ஏப்ரல் ஒன்பது. அது ஒண்ணுதான் அவளுக்குன்னு எழுதினது.”

அவர் எழுதிக்கொண்டார். பக்கத்துக் கட்டம் இறந்த தேதிக்கானது. அக்கா போன நாள் அண்ணனுக்கும் நினைவில் இல்லை. அதைக் காலியாக விட்டுவிடுகிறேன், பிற்காலத்தில் உன் பிள்ளைகள் சொல்லுவார்கள் என்றார் தொக்மன். சுனிம் அந்தக் காலிக் கட்டத்தையே பார்த்தாள். தான் சாகும் நாளில்தான் அக்காவும் சாவாள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.