டக்ளஸின் வெள்ளித் தண்ணீர்

மெர்போக் ஊரில் டக்ளஸைத் தெரியாதவர்கள் கிடையாது. அதில் அவருக்குப் பெருமை. அவர் மனைவி கேதரினுக்கோ தலைகுனிவு. தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மனிதர் வீட்டில் சும்மா இருந்திருக்கலாம். கோலா கெத்திலில் ஏதோ விற்பனைக் கூட்டத்துக்குப் போனவர், கழுத்தில் டையும் கையில் பெட்டியுமாகத் திரும்பினார். பெட்டி நிறைய நானோ வெள்ளித் தண்ணீர்.

கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள்கள் மிதக்கும் மஞ்சள் தண்ணீர் அது. தொண்டைக்கு, சேற்றுப்புண்ணுக்கு, வாழைக்கன்றுக்கு, எல்லாவற்றுக்கும் அதுதான் என்று அளந்துவிட்டார். நானோ என்றால் என்னவென்று கேட்டால், "ரொம்ப ரொம்ப சின்னதுலா" என்று இரண்டு விரலை நெருக்கிக் காட்டுவார். அவருக்குத் தெரிந்த விஞ்ஞானம் அந்த இடுக்கிலேயே அடங்கிவிடும். அதையும் வாயைப் பிளந்து கேட்டு வாங்கிப் போனவர்களை நினைத்தால் கேதரினுக்கு இன்னும் எரிச்சல்.

மாதா கோயில் வாசலில் இருந்த தீர்த்தத் தொட்டியையும் அவர் விடவில்லை. எல்லாரும் கைவைக்கிற தண்ணீர், கிருமி இருக்கும் என்று பூசைக்கு முன்னால் ஒரு பாட்டிலைக் கவிழ்த்தார். பூசை முடிவதற்குள் தண்ணீர் சாம்பல் நிறமாகி, அடியில் கறுப்பாய்ப் பொடி படிந்துவிட்டது. விரல் நனைத்தவர்கள் முகத்தைச் சுளித்தார்கள்.

"உப்புப் போட்டுத்தானே தீர்த்தம் மந்திரிக்கிறேன், டக்ளஸ். இத்தன வருஷமா பாத்ததில்லையா?" என்றார் ஃபாதர்.

எப்படிப் பார்த்திருப்பார்? ஃபாதர் மந்திரிக்கும்போதெல்லாம் இவர் வெளியே சிகரெட்டும் கையுமாக நிற்பவர்.

சுங்கைப்பட்டாணியில் தண்ணீர் சோதிக்கும் வேலையிலிருந்த மகள் டிஃபனிக்கு டக்ளஸ் போன் போட்டார்.

"உப்புத் தண்ணில அந்தத் தூளெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கட்டியாயிடும்பா, அடியில போய் உக்காந்துரும். உப்பில்லாத தண்ணில அப்படி சீக்கிரமா கட்டாது. ஆனா..."

டக்ளஸ் போனை வைத்துவிட்டார். அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அந்த 'ஆனா'வைக் கேதரின்தான் பிறகு கேட்டாள். கட்டாத வெள்ளி கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும், கரைந்தது மீனின் செவுளைப் பிடித்துக்கொள்ளும் என்றாள் மகள்.

கேட்டு என்ன பயன்? வீட்டுக்குப் பின்னால் மழைத்தண்ணீர் நிரம்பிய தொட்டியில் கேதரின் திலாப்பியா வளர்த்தாள். டிஃபனிக்கு டெங்கிக் காய்ச்சல் கண்டு பிழைத்த வருடம் செய்துகொண்ட நேர்ச்சை அது: கோயில் திருநாள் அன்று தன் கையால் வளர்த்த மீனில் ஊருக்கே குழம்பு. ஒரு வருடமும் தவறியதில்லை. மூக்குடைபட்ட டக்ளஸ் அதற்குள் அந்தத் தொட்டியில்தான் பாட்டில் பாட்டிலாக ஊற்றி வைத்திருந்தார்.

"பாரு, ஒரு கட்டி இருக்கா?" என்று ஆள் கூட்டிவந்து காட்டினார். கட்டி இல்லைதான். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. திருநாளுக்கு முந்தின வாரம் எல்லாமே வயிறு தெரிய மிதந்தன.

"வெயில் கூடிப்போச்சு, கேத்தி" என்றார்.

கேதரின் மீனை அள்ளிப் புதைத்துவிட்டு அழுதாள். மகளின் உயிருக்காகக் கொடுத்த வாக்கு, இந்த மனிதரின் வீம்பால் பொய்த்துப்போனது.

திருநாள் சாப்பாட்டில் பருப்புக் குழம்பு. பந்தல் ஓரத்தில் மேசை போட்டு, டையும் கட்டிக்கொண்டு, டக்ளஸ் பாட்டில் விற்றுக்கொண்டிருந்தார். தன் தாயாருக்கென்று ஒன்றை எடுத்தபடி பக்கத்து வீட்டு அய்யாவு கேட்டார்: "ஏன் அக்கா, இந்த வருஷம் மீனு இல்ல?"

கேதரின் ஒரு பாட்டிலைத் திறந்து கிளாஸ் நிறைய ஊற்றினாள். கணவர் முன்னால் வைத்தாள்.

"குடிங்க."

பந்தலே திரும்பிப் பார்த்தது. அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது, இத்தனை நாளில் டக்ளஸ் இதைக் குடித்து ஒருவரும் பார்த்ததில்லை.

"இப்பத்தான் மாத்திர போட்டேன், கேத்தி. அப்புறமா..."

அய்யாவு கையிலிருந்த பாட்டிலை மேசைமேல் திரும்ப வைத்துவிட்டு, பருப்புக் குழம்புக்கு வரிசையில் போய் நின்றார்.